கறுப்புப் பிடரியும் சிவப்பு வாலும்

இரணைமடு வாய்க்காலின் கீழே அரசாங்கம் காணி பிரித்துக் கொடுத்த காலத்தில், வடமராட்சியிலிருந்து புருஷனோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் வந்து குடியேறியவள் இரஞ்சிதம். அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவள், ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்தக் குடியேற்றத்தில் யாருக்காவது அரசாங்கக் கந்தோருக்கு மனுப்போட வேண்டுமென்றாலும், யாழ்ப்பாணத்தில் இருக்கும் தாய்க்குக் கடிதம் போட வேண்டுமென்றாலும் அவள் வீட்டுப் படலையைத்தான் தட்டுவார்கள். சொன்னதை எழுதுவாள். ஒரு சொல் கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். அப்படிப் பெயரெடுத்தவள் ஒரேயொரு விஷயத்தை எழுதாமல் விட்டாள். பிற்காலத்தில் அவளுடைய நெஞ்சை அரித்தது அதுதான்.

1954ஆம் ஆண்டு, மேட்டுக்காணியில் பற்றை வெட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் யோகநாதன், கத்தியை ஓங்கியவன் ஓங்கியபடியே நின்றான். புல்லுக்குள் உள்ளங்கையளவில் ஒரு முயற்குட்டி. கண் திறந்திருந்தது, உடம்பெல்லாம் மயிர் மூடியிருந்தது. ஆனால் ஓடவில்லை. மண்ணோடு மண்ணாகப் பதுங்கிக் கிடந்தது. அடுத்த நாள் அந்தப் பற்றைக்கு நெருப்பு வைக்க இருந்தார்கள். இரஞ்சிதம் குட்டியை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

பக்கத்துப் பழைய ஊரிலிருந்து அடிக்கடி வந்துபோகும் வீரகத்தியர் அதைப் பார்த்துச் சிரித்தார். தலைமுறை தலைமுறையாக வன்னியில் இருந்த வேட்டைக்காரக் குடும்பம் அவருடையது.

"பிள்ளை, முசற்குட்டி வளர்த்த கதை இந்தக் காட்டிலை ஒருத்தரும் சொல்லி நான் கேக்கேல்லை. ரண்டு நாளிலை செத்துப்போம். இப்பவே எனக்குத் தந்தாயெண்டால் பாவமும் இல்லை, வீண்செலவும் இல்லை."

"உங்களுக்குக் குழம்புக்கு வேறை முசல் கிடைக்கும் அண்ணை," என்றாள் இரஞ்சிதம்.

பஞ்சுத் திரியை ஆட்டுப்பாலில் தோய்த்துத் தோய்த்து ஊட்டினாள். குட்டி பிழைத்துக்கொண்டது. வளர வளர அதன் பிடரியில், விளக்குக்கரி தொட்ட கையால் யாரோ பிடித்துவிட்டதுபோல, கறுப்பு அடையாளம் ஒன்று வந்தது. அது ஒரு பெட்டை.

கையில் வளர்ந்த முயல் இருக்கிறது என்ற கதை கிளிநொச்சித் தேத்தண்ணீர்க் கடை வரைக்கும் போய்விட்டது. அங்கே அதைக் கேட்டவர் தில்லைநாதன் மாஸ்ரர். யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் படிப்பித்தவர். முப்பது வயது, கலியாணம் ஆகவில்லை. லீவு விட்டால் குளத்துப் பறவைகளைப் பார்க்கவென்று ஒரு பழைய சைக்கிளையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். அன்றைக்கு அந்தச் சைக்கிளை இரஞ்சிதத்தின் வேலியில் சாத்திவிட்டு, முயலின் முன்னால் ஒரு மணித்தியாலம் குந்தியிருந்தார்.

"அக்கா, நான் இந்தியாவிலை வடக்கே படிச்சனான். அங்கை இருக்கிற முசலும் பார்வைக்கு இது மாதிரித்தான். ஆனால் பிடரி கறுப்பில்லை, சாம்பல். இதின்ரை வாலுக்கு மேலை கறுப்பு, அதின்ரை வாலுக்கு மேலை செம்மண் நிறம். ரண்டும் வேறை வேறை இனமெண்டு சிலர் எழுதியிருக்கினம். இல்லை, ஒரே இனம்தான், இடத்துக்கிடம் நிறம் மாறுது எண்டு வேறை சிலர் சொல்லுகினம். நான் தேடின வரையிலை ஒருத்தரும் ரண்டையும் பக்கத்திலை வைச்சு வளர்த்துப் பார்க்கேல்லை."

"வளர்த்துப் பார்த்தால் என்ன தெரியும்?"

"என்ன தின்னுது, எப்பிடிப் படுக்குது, எத்தினை நாளிலை குட்டி போடுது, எல்லாத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கடைசியிலை ரண்டையும் சேர்த்துவிட்டுக் குட்டி வருதோ எண்டும் பார்க்கலாம்."

இரஞ்சிதம் கொஞ்சம் யோசித்தாள். "கொண்டு வாங்கோ. நான் பாக்கிறன்," என்றாள்.

அனுமதிக்காகக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, அந்த மனிதர் ஒரு வருஷம் அலைந்தார். 1956 தைப்பொங்கல் கழிந்து இரண்டாம் கிழமை, இந்தியாவுக்குப் போய்த் திரும்பித் தலைமன்னாரில் கப்பலால் இறங்கி, ரயில் மாறி, ஒரு மரப்பெட்டியோடு கிளிநொச்சியில் வந்து இறங்கினார். உள்ளே சிவப்பு வால் முயல்கள் இரண்டு, ஒரு கடுவனும் ஒரு பெட்டையும். கறுப்புப் பிடரிப் பெட்டைக்குச் சோடியாக ஒரு கடுவனை வீரகத்தியர் வலை போட்டுப் பிடித்துக் கொடுத்தார். யோகநாதன் மேட்டுக்காணியில் கம்பிவலை அடித்து இரண்டு பட்டி கட்டினான். நடுவில் ஒரு வலைத் தடுப்பு, தடுப்பில் ஒரு சின்னக் கதவு. மாஸ்ரர் தடித்த மட்டை போட்ட கொப்பி ஒன்றை இரஞ்சிதத்தின் கையில் கொடுத்தார்.

"கண்டதை எழுதுங்கோ அக்கா. நினைச்சதை எழுதவேண்டாம்."

அந்த வேலை அவளுக்கென்றே அமைந்ததுபோல இருந்தது. வயலுக்குச் சோறு கொண்டுபோகும் முன்னும் வந்த பின்னும் பட்டியடியில் நிற்பாள். இந்தியாவிலிருந்து வந்த வடக்கத்தி முயல்கள் முதல் மாதம் அறுகம்புல்லை முகர்ந்துவிட்டு விட்டுவிடும், கச்சான் என்னும் நிலக்கடலைக் கொடியென்றால் வேர் வரை தின்னும். ஊர் முயல்களுக்கு வற்றாளங்கிழங்குக் கொடி உயிர். இரண்டு வகையும் வளை தோண்டுவதில்லை. புல்லில் உடம்பளவுக்குப் பள்ளம் பறித்து அதற்குள் கிடக்கும். ஒரு மத்தியானம் ஊர்ப் பெட்டை குனிந்து தன் புழுக்கையைத் தானே எடுத்துத் தின்பதைக் கண்டு, நோய் பிடித்துவிட்டது என்று பயந்து எழுதிவைத்தாள். மூன்று நாள் கழித்துப் பார்த்தால் மற்றவையும் அதையே செய்தன. சித்திரை லீவுக்கு வந்த மாஸ்ரர் அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு எழும்பி நின்றுவிட்டார்.

"இது முசலின்ரை வழக்கம் அக்கா. நான் புத்தகத்திலைதான் படிச்சிருக்கிறன். நீங்கள் கண்ணாலை கண்டிருக்கிறியள்."

அந்த வருஷம் ஊர்ப் பெட்டை இரண்டு குட்டி போட்டது. சேர்ந்த நாளிலிருந்து நாற்பத்துமூன்றாம் நாள் என்று கொப்பியில் இருந்தது. அதற்கு முன் நடந்ததும் இருந்தது: கடுவன் கிட்ட வந்த முதல் நான்கு நாளும் பெட்டை பின்னங்காலில் எழும்பி நின்று அதன் முகத்தில் அறைந்தது, மயிர் பறந்தது, ஐந்தாம் நாள் அடங்கிவிட்டது. குட்டிகளை வளர்ந்ததும் காட்டில் விட்டுவிட்டார்கள். வடக்கத்திச் சோடி மாத்திரம் குட்டி போடவில்லை. ஊர் பழகவில்லை என்று மாஸ்ரர் சொன்னார்.

1957 ஆடியில் ஒரு பகல், எங்கிருந்தோ வந்த இரண்டு நாய்கள் பட்டியைச் சுற்றிக் குரைத்தன. இரஞ்சிதம் விளக்குமாற்றோடு ஓடிப் போவதற்குள் வடக்கத்திக் கடுவன் பயத்தில் துள்ளி, கம்பியில் மோதி, கழுத்து முறிந்து கிடந்தது. தந்தி கொடுத்தாள். மாஸ்ரர் மறுநாளே வந்தார். அதன் தோலை உரித்து உப்பும் படிகாரமும் தடவிப் பலகையில் அறைந்தார். மண்டையோட்டையும் எடுத்து வைத்துக்கொண்டார்.

ஆவணி லீவு முழுவதும் அவர் அங்கேயே தங்கினார். பகல் நேரத்தில் நடுக்கதவைத் திறந்து, வடக்கத்திப் பெட்டையோடு ஊர்க் கடுவனைச் சேர்த்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். பெட்டை அறைந்தது, கடித்தது. கடுவனின் காது கிழிந்தது. பதின்மூன்று நாள் இதே கதை. பதினாலாம் நாளும் அப்படியேதான். மாஸ்ரர் கதவைப் பூட்டினார்.

"விடை கிடைச்சிட்டுது. இது ரண்டும் சேராது. வேறை இனம்தான்."

இரஞ்சிதத்துக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஊர்ப் பெட்டையும் தன் சொந்தக் கடுவனை அப்படித்தானே அறைந்தது? கொப்பியில் இருக்கிறதே. இப்போது வறட்சிக் காலம், புல் எல்லாம் கருகிக் கிடக்கிறது, இந்தக் காலத்தில் எந்தப் பெட்டை கடுவனைக் கிட்ட விடும்? ஆனால் பட்டம் பெற்ற மனிதனுக்கு எட்டாம் வகுப்புப் படித்தவள் என்ன சொல்வது? கொப்பியை அவரும் வாசித்தவர்தானே என்று நினைத்துக்கொண்டு வாயை மூடினாள்.

ஐப்பசி பிறந்து முதல் மழை விழுந்தது. நாலு நாளில் பட்டிக்குள் புல் பச்சென்று முளைத்தது. அப்போதுதான் அவள் கண்டாள்: வடக்கத்திப் பெட்டை தடுப்பு வலையோரமாக மேலும் கீழும் ஓடுகிறது. மறுபக்கத்தில் ஊர்க் கடுவனும் அதே ஓட்டம். இரண்டும் மூக்கோடு மூக்கு வைத்து நிற்கின்றன. மூன்று நாளாக இதே பாடு. மூன்றாம் நாள் மத்தியானம், யோகநாதன் வயலில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். இரஞ்சிதம் ஊர்ப் பெட்டையைக் கூடையால் மூடி வைத்துவிட்டு நடுக்கதவைத் திறந்தாள்.

அறையும் இல்லை, கடியும் இல்லை. சேர்ந்தன. அவள் கடுவனைத் திருப்பித் துரத்திக் கதவைப் பூட்டினாள். அன்றைய பக்கத்தில் வழமைபோல எழுதினாள்: மழை, புல், வற்றாளங்கொடி ஒரு கட்டு. கதவைத் திறந்ததை எழுதவில்லை. கேளாமல் செய்த காரியத்தை எப்படி எழுதுவது? குட்டி வந்தால் எழுதுவோம், வராவிட்டால் அதோடு போகட்டும் என்று நினைத்தாள்.

இரண்டு கிழமை கழித்து மாஸ்ரரிடமிருந்து கடிதம் வந்தது. இந்த ஒப்பீட்டைக் கட்டுரையாக எழுதி இந்தியாவிலுள்ள ஒரு சஞ்சிகைக்கு அனுப்பியிருந்தார், அவர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். 'கட்டுரையில் உங்களுடைய பெயரையும் போட்டிருக்கிறேன் அக்கா. இதைக் காட்டி மேற்படிப்புக்கு இடம் கேட்கப் போகிறேன்' என்று எழுதியிருந்தது. இரஞ்சிதம் அந்தக் கடிதத்தை மூன்று தரம் வாசித்தாள். வேறொரு நாளென்றால் ஊரெல்லாம் காட்டியிருப்பாள்.

நாற்பத்துமூன்றாம் நாள் காலை, வடக்கத்திப் பெட்டையின் பள்ளத்தில் இரண்டு குட்டிகள் கண் திறந்தபடி கிடந்தன. சேற்றில் முழங்கால் பதிய அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷம் ஒரு பக்கம், பயம் மறுபக்கம். மாலையில் யோகநாதனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்தாள் எழுதினது பிழையெண்டு இந்தக் குட்டியள் சொல்லுது," என்றாள். "இப்ப நான் என்ன செய்யிறது?"

யோகநாதன் வெற்றிலையை மென்றபடி சொன்னான். "கடிதத்திலை எழுதினால் நம்புவாரோ தெரியாது. மார்கழி லீவுக்கு வருவார்தானே. கண்ணாலை பாக்கட்டுமன். ஒரு மாசம் பிந்தினால் என்ன குடி முழுகிப்போகுதே?"

அவளுக்கும் அது நல்ல புத்தியாகப் பட்டது. வந்ததும் கையைப் பிடித்துப் பட்டிக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிடுவது என்று முடிவு செய்தாள். கொப்பியில் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. முதலில் வாயால் சொல்லிவிட்டுப் பிறகு அவர் முன்னாலேயே எழுதுவோம் என்றிருந்தாள்.

மாஸ்ரர் வரவில்லை. வெள்ளம் வந்தது.

அந்த மார்கழி மழையைக் கண்டவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது இன்றைக்கும் குரலைத் தாழ்த்துவார்கள். இரவு பகல் தெரியாமல் கொட்டியது. மேலே எங்கெங்கோ குளங்கள் உடைத்தன. ஒரு காலை, பொழுது விடிந்து கொஞ்ச நேரத்தில், வயல் பக்கமிருந்து தண்ணீர் வீட்டு முற்றத்துக்கு ஏறியது. யோகநாதன் சின்னவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு பெரியவளின் கையைப் பிடித்தான். இரஞ்சிதம் கொப்பியை மெழுகுசீலையில் சுற்றி இடுப்பில் சொருகிக்கொண்டு பட்டிக்கு ஓடினாள். முழங்கால் வரை தண்ணீர். எல்லாக் கதவையும் இழுத்துத் திறந்தாள். ஊர் முயல்கள் இரண்டும் தண்ணீரில் பாய்ந்து நீந்திப் போயின. வடக்கத்திப் பெட்டை வலையில் ஏறி ஏறி விழுந்தது. குட்டிகளைக் காணவில்லை. பயந்தால் அவை ஓடாது, பதுங்கும். தண்ணீருக்கடியில் புல்லைத் துளாவித் துளாவித் தேடினாள்.

"பிள்ளையளைப் பாரடி! உதுகளை விட்டிட்டு வா!" என்று யோகநாதன் கத்தினான்.

ஒரு வேலிக்கட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்த ஒரு குட்டி கையில் பட்டது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு வாய்க்கால் கட்டுக்கு ஏறினாள். மற்றக் குட்டி கிடைக்கவில்லை.

வாய்க்கால் கட்டின் மேல் நூறு நூற்றைம்பது சனம். கூரையில்லை, உலர்ந்த துணியில்லை. யாரோ ஒரு பானையில் கஞ்சி காய்ச்சினார்கள், உப்புப் போட உப்பில்லை. குட்டி அன்று பகல் முழுவதும் அவள் சேலைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தது. அடுத்த நாள் காலை நடுக்கம் நின்றிருந்தது. அவள் தொட்டுப் பார்த்தாள், விறைத்துவிட்டது.

பக்கத்தில் குந்தியிருந்த வீரகத்தியர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குக் கண் கூர்மை.

"இது ஊர்க் குட்டியில்லைப் பிள்ளை. முழு வடக்கத்தியும் இல்லை. கலப்பு." அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். "அந்த வாத்தியார் செய்தமாதிரித் தோலை உரிச்சு வைக்கட்டே? அடுப்புச் சாம்பல் பூசினாலும் கொஞ்ச நாளைக்குக் கிடக்கும்."

இரஞ்சிதம் சுற்றிலும் பார்த்தாள். ஒரு தாய் சுரத்தில் கிடக்கும் பிள்ளைக்குத் தண்ணீர் பருக்கிக்கொண்டிருந்தாள். வீடு போனவர்கள், மாடு போனவர்கள், நெல்லு மூட்டை போனவர்கள். இந்த இடத்தில் ஒரு முயல்தோலைப் பதப்படுத்திக்கொண்டிருந்தால் சனம் என்ன நினைக்கும்?

"வேண்டாம் அண்ணை. தாட்டுவிடுங்கோ," என்றாள்.

அவர் கட்டின் ஓரத்தில் தடியால் கிண்டிக் குட்டியைப் புதைத்தார். அவளுக்கு அந்த நேரத்தில் அழுகை வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சின்ன ஆறுதல் வந்தது. இனி யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை என்ற ஆறுதல். சனத்துக்கு வெட்கப்பட்டுத்தான் வேண்டாமென்றாளா, இந்த ஆறுதலுக்காகத்தான் வேண்டாமென்றாளா என்று பிறகு எத்தனையோ தரம் தன்னைத்தானே கேட்டாள். விடை பிடிபடவில்லை.

தண்ணீர் வடிந்து வீட்டுக்குப் போனபோது வடக்கத்திப் பெட்டை வேலி முட்கம்பியில் செத்துத் தொங்கியது. உடம்பு அழுகிவிட்டது.

தைமாதக் கடைசியில், பாதை திறந்ததும் மாஸ்ரர் ஒரு மூட்டை உடுப்பும் மருந்தும் கட்டிக்கொண்டு வந்தார். இடிந்த பட்டியைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். பிறகு திரும்பி, "உங்களுக்கும் பிள்ளையளுக்கும் ஒண்டும் இல்லைத்தானே அக்கா? அது போதும்," என்றார்.

இரஞ்சிதம் உள்ளே போய்க் கொப்பியைக் கொண்டுவந்து கொடுத்தாள். மெழுகுசீலையை அவிழ்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. ஒரு பக்கமும் நனைந்திருக்கவில்லை. கடைசிப் பக்கங்களைப் புரட்டினார்.

"உயிர் தப்பி ஓடேக்கையும் இதைக் காப்பாத்தியிருக்கிறியள். கட்டுரை இன்னும் அச்சுக்குப் போகேல்லை. ஏதாவது சேர்க்கக் கிடந்தால் அடுத்த மாசத்துக்குள்ளை எழுதச் சொல்லியிருக்கினம். ஐப்பசிக்குப் பிறகு புதிசா ஏதும் உண்டோ?"

சொல்வதற்கு வாசல் தானாகவே திறந்து நின்றது. ஒரு சொல் சொன்னால் போதும். இரஞ்சிதம் அவருடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு கொப்பியைப் பார்த்தாள். இத்தனை நாளும் ஏன் எழுதவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது? குட்டி எங்கே என்றால்? தோல் எங்கே என்றால்?

"இல்லை மாஸ்ரர். எழுதினதுதான்," என்றாள்.

குசினி வாசலில் நின்ற யோகநாதன் அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். அவன் உள்ளே போய்விட்டான்.

கட்டுரை அச்சானது. கடைசி வரியில் அவளுடைய பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. மாஸ்ரர் அதற்கு அடியில் பென்சிலால் கோடு கீறி அனுப்பியிருந்தார். ஊர்ச் சனம் கூடிப் பார்த்தது. கிராமச் சங்கத்தில் ஒருவர் பாராட்டிப் பேசினார். அவள் அந்தத் தாளை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தாள். 1960இல் மாஸ்ரர் மேற்படிப்புக்கு இடம் கிடைத்து இந்தியாவுக்குப் போனார்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் அவரைக் காணவில்லை. மூத்தவளுக்குக் கலியாணமாயிற்று. வீரகத்தியர் ஒரு பங்குனியில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தார். வெள்ளத்தில் அழிந்த காணி மறுபடி தலையெடுத்தது. இரஞ்சிதம் பழையபடி மனுவும் கடிதமும் எழுதிக்கொண்டிருந்தாள். முயல் வளர்க்கவில்லை. யோகநாதன் ஒரு தரம் வயலில் ஒரு குட்டி கண்டு கொண்டுவந்தபோது, எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விடச் சொன்னாள்.

1963 ஆவணியில் தில்லைநாதன் மாஸ்ரர் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தார். சைக்கிள் இல்லை. தலை முன்பக்கம் நரைத்திருந்தது. கதிரையில் இருந்து தேத்தண்ணீரைக் குடித்து முடிக்கும் வரைக்கும் பிள்ளைகளைப் பற்றியும் வயலைப் பற்றியும்தான் கேட்டார். பிறகு கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்.

"நான் படிப்பை முடிக்கேல்லை அக்கா. நேர்முகப் பரீட்சையிலை, கேள்வி கேக்க வந்த ஒரு கிழவர் என்ரை கட்டுரையைக் கையிலை வைச்சுக்கொண்டு கேட்டார், 'எத்தினை நாள் சேர்த்துவிட்டனீர்?' எண்டு. பதினாலு நாள் எண்டன். 'எந்த மாதம்?' எண்டார். ஆவணி எண்டன். 'மழை விழுந்த பிறகு விட்டுப் பார்த்தனீரோ?' எண்டார்."

அவர் கையிரண்டையும் விரித்துக் காட்டினார்.

"அந்தக் கேள்வி எனக்கு வரவேயில்லை. அந்தாள் தன்ரை மாணவன் ஒருத்தன் ரண்டு வகையையும் சேர்த்துக் குட்டி எடுத்த படத்தைக் காட்டினார். இருந்தவை எல்லாரும் நல்லாய்ச் சிரிச்சினம். அதுக்குப் பிறகு அங்கை நிக்க மனமில்லை. திரும்பவும் பழைய கல்லூரிதான்."

யோகநாதன் எழும்பி மாட்டுக்கு வைக்கோல் போடப் போனான். வேண்டுமென்றுதான் போனான். இரஞ்சிதம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"மாஸ்ரர், இஞ்சையும் குட்டி வந்தது."

அவருக்கு விளங்கவில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மழையும் புல்லும், மூக்கோடு மூக்கு வைத்து நின்றதும், கதவு திறந்ததும், நாற்பத்துமூன்றாம் நாளும், வாய்க்கால் கட்டின் மேல் செத்த குட்டியும், புதைக்கச் சொன்னதும், தைமாதம் அவர் கேட்டபோது இல்லை என்றதும்.

மாஸ்ரர் வெறும் கோப்பையை எடுத்து, திரும்பவும் வைத்தார். கோபித்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நான் மார்கழியிலை வந்திருந்தால் காட்டியிருப்பியளோ?"

"ஓம். சத்தியமாக் காட்டியிருப்பன்."

"தையிலை ஏன் சொல்லேல்லை?"

"உங்கட முகத்தைப் பாத்தன். பாவமாய்க் கிடந்தது."

அவர் தலையை ஆட்டினார். "நான் பாவமெண்டு நினைச்சிருக்கிறியள். நான் உங்களை என்னோடை சேர்ந்து வேலை செய்யிற ஆளெண்டு நினைச்சிருந்தனான் அக்கா. அதுதான் பேரைப் போட்டனான்."

படலை வரை அவரோடு போனாள். "வாறன் அக்கா," என்று சொல்லிவிட்டு நடந்தார். பஸ் வரும் வரைக்கும் மதகில் தனியே குந்தியிருந்ததை வேலிக்கூடாகப் பார்த்தாள். கூப்பிடத் துணிவு வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. நலம் விசாரிப்பு ஒரு வரி. அதற்குக் கீழே இலக்கமிட்டுப் பதினொரு கேள்விகள். குட்டிகள் எத்தனையாம் நாள் புல் தின்னத் தொடங்கின? பிடரி மயிர் பிறந்தபோது என்ன நிறம், நாலாம் கிழமை என்ன நிறம்? காது, தாயின் காதளவுக்கு வளர்ந்ததா? தாய் ஒரு நாளில் எத்தனை தரம் பால் கொடுத்தது? வாலின் மேற்பக்கம் கறுப்பா, சிவப்பா, இரண்டும் கலந்ததா?

இரஞ்சிதம் குசினிக் கதவடியில் பலகையைப் போட்டு இருந்து எழுதத் தொடங்கினாள். முதல் சில கேள்விக்குப் பேனை தடையில்லாமல் ஓடியது. பிறந்த நாள், எண்ணிக்கை, பொழுதுபடும் நேரத்தில் தாய் ஒரேயொரு தரம் வந்து பால் கொடுத்தது. பிறகு பேனை நின்றுவிட்டது. நாலாம் கிழமை பிடரி என்ன நிறம்? சாம்பலில் கறுப்பு ஓடியிருந்தது என்று ஒரு நினைவு. அது வாய்க்கால் கட்டின் மேல் செத்ததா, தண்ணீரோடு போனதா? வால்? ஒரு பகலும் ஒரு இரவும் சேலைக்குள் வைத்திருந்த உயிர். அதன் இதயம் அடித்தது இன்றைக்கும் நெஞ்சில் தெரிகிறது. வால் தெரியவில்லை. நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தவர் வீரகத்தியர்தான், அவரும் இல்லை.

"உங்களுக்கு அதின்ரை வால் ஞாபகம் இருக்கோ?" என்று யோகநாதனைக் கேட்டாள்.

"நான் எங்கை பாத்தன்? நான் பிள்ளையளைப் பாத்துக்கொண்டு நிண்டன்," என்றான் அவன்.

சிவப்பும் கறுப்பும் கலந்தது என்று எழுதினால் பொருந்தும் என்று அவளுக்குத் தெரியும். அந்த மனிதன் எதிர்பார்த்திருப்பதும் அதுவாகத்தான் இருக்கும். இரண்டு நாள் யோசித்தாள். கடைசியில் ஆறு கேள்விக்கு விடை எழுதி, மற்ற ஐந்துக்கும் எதிரே 'ஞாபகமில்லை' என்று எழுதித் தபாலில் போட்டாள். மறுகடிதம் வரவில்லை.

அதன் பிறகு ஒரேயொரு தரம்தான் அவரைக் கண்டாள். 1967இல், மகளின் பிரசவத்துக்காக யாழ்ப்பாணம் போகக் கிளிநொச்சி ஸ்ரேசனில் நின்றபோது, எதிர்த்திசையில் போகும் ரயிலின் யன்னலில் மாஸ்ரர் இருந்தார். அவளைக் கண்டதும் எழும்பிக் கும்பிட்டார். அவள் யன்னலடிக்குப் போனாள்.

"சுகமோ அக்கா? யோகநாதன் அண்ணை சுகமோ?"

"ஓம் மாஸ்ரர், எல்லாரும் சுகம். மகளுக்குப் பிள்ளைப்பேறு, அதுக்குத்தான் போறன். நீங்கள்?"

"இருக்கிறன். இந்த வருஷம் வேளாண்மை எப்பிடி?"

"பரவாயில்லை. மழை கொஞ்சம் பிந்திப்போச்சு."

அவர் தலையசைத்தார். வேறு ஏதோ கேட்கப் போவதுபோல ஒரு கணம் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேட்கவில்லை. கார்ட் பச்சைக் கொடியைக் காட்டினான். ரயில் அசைந்தது. "பிள்ளைக்கு என்ரை வாழ்த்தைச் சொல்லுங்கோ," என்று அவர் உரத்துச் சொன்னது சக்கரச் சத்தத்தில் பாதிதான் கேட்டது.